வளர்த்த நாய் இறந்த பின்

நாயின் வாழ்நாள் பெரும்பாலும் 10 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை. உடல் பெருத்த சாதி நாய்கள் எட்டு ஒன்பது வயதிலேயே முதுமை எய்திவிடுகின்றன. சிறிய சாதிகளுள் சில 15 ஆண்டையும் கடப்பதுண்டு. மனிதனுடைய வாழ்நாளோ இதைப்போல் ஐந்து ஆறு மடங்கு. மூன்றாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்திக்கு அவள் தந்தையார் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் கல்லூரியில் பட்டம் பெறும் ஆண்டில் அக்குட்டி கிழடாகி, கண்ணில் படலம் விழுந்து, படியேற மாட்டாமல் திண்ணையிலேயே கிடக்கும். அவளுக்கு அப்போதுதான் வாழ்க்கை தொடங்குகிறது, அதற்கோ முடிகிறது. நாய் வளர்க்கும் வீடு எதுவும் இந்தக் கணக்கிலிருந்து எளிதில் தப்புவதில்லை.

ஆகவே, நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர், எதை உண்ணக் கொடுப்பது, எப்படிப் பழக்குவது என்பவற்றோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிப் பேச்சே ஆகும். நாய் இறந்த பிறகு அந்த வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு நாய்க்காக இவ்வளவு வருந்துவது தகுமா என்பது ஒன்று. இனி மற்றொரு நாயை வளர்க்கலாமா, வளர்ப்பதாயின் எப்போது என்பது மற்றொன்று. முதற் கேள்வியை மழுப்பிவிட்டு இரண்டாவதற்கு விரைவோர் பலர். அவ்வாறு விரைவதனாலேயே பிழை நேர்கிறது என்பது என் கருத்து.

"நாய் செத்ததற்கா இத்தனை அழுகை?" என்று கேட்கும் பெரியவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம் மொழியிலேயே நாய் என்பது வசைச்சொல்லாக வழங்குகிறது. இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய அடியார்களும் தம்மை நாயேன் என்றே சொல்லிக்கொண்டார்கள். மனிதர் ஒருவர் இறந்தால் செய்வதற்கு எத்தனையோ காரியங்கள் உள்ளன. உறவினர் வந்து கூடுகின்றனர், வந்தவர்கள் அழுகின்றனர், வீட்டாரையும் அழவிடுகின்றனர், நாள் எண்ணிச் சடங்கு நடைபெறுகிறது, அலுவலகத்தில் விடுப்புத் தருகிறார்கள். நாய் இறந்தாலோ, கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு குழி. அவ்வளவே. மறுநாள் காலையில் மாணவன் தேர்வு எழுதச் செல்ல வேண்டும். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று எவரேனும் கேட்டால் தலைவலி என்று சொல்லவேண்டும். கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க அறிஞர் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய துயரத்தை ஆராய்ந்தார். வருந்துவதற்கு உனக்கு உரிமை இல்லை என்று சமுதாயம் சொல்லாமற் சொல்லும் துயரம் அது. இழப்பின் வேதனையோடு, அதை மறைக்கவேண்டிய வேதனையும் சேர்ந்துகொள்வதால், அது ஆறுவதற்கு நாள் பிடிக்கிறது.

ஆயினும், நம் நாட்டில் எக்காலத்தும் இப்படியே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆநிரை கவரும் பூசலில் உயிர் துறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நட்டது. வீரனுடைய உருவத்தின் அருகே நாய் ஒன்றின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலே எழுதியிருக்கிறார்கள். அக்காலத்தில் வாழ்ந்து மடிந்த மக்களுள் பெரும்பாலோருடைய பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது. எவரோ ஒருவர் அதையும் பொறிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கல்தச்சரும் நகைக்காமல் பொறித்திருக்கிறார்.

இதனினும் பழையது ஜெர்மனி நாட்டில் கிடைத்த சான்று. பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-இல் கல்லுடைக்கும் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும், ஒரு பெண்ணும், அவர்களோடு ஒரு நாயும் இருந்தன. அந்நாயின் பற்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இறந்தபோது அதற்கு வயது ஏறக்குறைய ஏழு மாதம். அதற்குமுன் சில வாரங்களாக அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயால் திரும்பத் திரும்பத் தாக்குண்டிருக்கிறது. அந்த நோய் கண்ட குட்டி, பிறர் நீரூட்டித் துடைத்துச் சூடு காத்துப் பேணாவிட்டால் அத்தனை வாரம் உயிர் பிழைத்திருக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. வேட்டைக்கும் காவலுக்கும் பயன்படாத ஒரு நோயாளிக் குட்டியை, உணவு தேடி அலைந்த அம்மக்கள் வாரக்கணக்கில் வைத்துக் காத்திருக்கிறார்கள். நாய்க்காக வருந்துவது செல்வர் வீட்டுப் புதுப்பழக்கம் என்று கூறுவோர்க்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

இத்துயரம் எவ்வாறு அமைகிறது என்று பார்ப்போம். நாயின் பிரிவு முதலில் அறிவில் உறைப்பதில்லை, உடம்பில் உறைக்கிறது. மாலை ஐந்து மணி ஆனதும் கால் தானே வாயிற்பக்கம் போகிறது. உண்ணும்போது கடைசிப் பிடிச் சோற்றைக் கை தானே ஒதுக்கிவைக்கிறது. இரவில் எங்கோ ஓசை கேட்டால், தரையில் நகம் உரசும் ஓசை என்று காது கொள்கிறது. இதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு, அஞ்சவேண்டியதில்லை. பத்தாண்டுப் பழக்கம் ஒரே நாளில் அழிவதில்லை என்பதே இதன் பொருள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் உற்றுநோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2015-இல் அறிவித்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதும் இதே சுரப்புத்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அவர்கள் இதைக் காணவில்லை. ஆகையால், குழந்தையைப் போல் வளர்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அது வெறும் உபசார வார்த்தை அன்று.

துயரத்தோடு குற்றவுணர்ச்சியும் கலப்பதுண்டு. நாய் தன் நோயைச் சொல்லமாட்டாது. ஆதலின், இன்னும் இரண்டு நாள் முன்பே மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால் என்னும் எண்ணம் பலரை வாட்டுகிறது. தீராத நோயில் துடிக்கும் நாய்க்கு ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கச் சம்மதித்தவர்களை அது இன்னும் கடுமையாக வாட்டும். அந்நேரத்தில் தெரிந்ததைக் கொண்டே அந்நேரத்து முடிவு செய்யப்பட்டது என்பதை அவர்களுக்குப் பிறர் எடுத்துச் சொல்லவேண்டும். தாமே சொல்லிக்கொண்டால் மனம் ஏற்பதில்லை. இங்கே ஒன்று கூறவேண்டும். சிறு குழந்தைகளிடம், "நாயை ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்தான். ஆனால், குழந்தை ஒவ்வொரு விடுமுறையிலும் அது திரும்பி வருமா என்று கேட்கும். அல்லது, பிடிக்காவிட்டால் யாரையும் ஊருக்கு அனுப்பிவிடலாம் போலும் என்று எண்ணிக்கொள்ளும். இறந்துவிட்டது என்னும் சொல்லைக் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு ஒரு பெரியவரின் வரலாற்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உளப் பகுப்பாய்வு முறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டு அவர். துயரத்தைப் பற்றி அவர் 1917-இல் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் படிக்கப்படுகிறது. துயரம் என்பது மனம் செய்யும் ஒரு வேலை என்று அதில் அவர் விளக்கினார். இழந்தவரைப் பற்றிய நினைவுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. ஒவ்வொன்றையும் மனம் எடுத்துப் பார்த்து, இனி அவர் இல்லை என்று உணர்ந்து, பற்றை விடுகிறது. வேலை முடிந்ததும் மனம் விடுதலை பெற்றுப் புதியவர்மேல் அன்பு செலுத்த வல்லதாகிறது. தெளிவான கொள்கை. இதன்படி பார்த்தால் நம் கேள்விக்கும் விடை எளிது: வேலை முடியட்டும், பிறகு அடுத்த நாயைக் கொண்டுவரலாம்.

கொள்கையை எழுதியவர் வாழ்விலோ அது அவ்வளவு ஒழுங்காக நடைபெறவில்லை. 1920-இல் அவருடைய மகள் சோபி, அந்நாளில் பரவியிருந்த நச்சுக் காய்ச்சலால் இறந்தாள். 1923-இல் அவளுடைய இளைய மகனும் நான்கு வயதில் இறந்தான். அதே ஆண்டில் பிராய்டின் வாயில் புற்றுநோய் கண்டது. 1929 ஏப்ரல் மாதம், சோபி இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளன்று, மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கடுந்துயரம் ஒருநாள் அடங்கும். ஆயினும் இழந்தவர்க்கு ஈடு கிடைப்பதில்லை. அந்த இடத்தில் எது வந்து நிறைந்தாலும் அது வேறொன்றாகவே இருக்கும். அப்படி இருப்பதே முறை என்னும் கருத்தை அக்கடிதத்தில் காண்கிறோம். 12 ஆண்டுக்கு முன் எழுதிய கட்டுரையைவிட இந்தக் கடிதமே எனக்கு உண்மைக்கு அண்மையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

அக்காலத்தில் வியன்னா நகரில், பெர்க்காசே தெரு 19-ஆம் எண் வீட்டில், லூன் என்னும் நாய் அவரிடம் இருந்தது. சீனநாட்டுச் சௌ இனம். சிங்கத்தைப் போல் பிடரி மயிர் அடர்ந்து, நாக்கு கருநீலமாக இருக்கும். பிராய்டு தமக்கென்று நாய் வளர்க்கத் தொடங்கியதே எழுபது வயதைக் கடந்த பின்னர்தான். அது வந்து ஓராண்டுக்குச் சற்றே மேலாயிற்று. 1929 ஆகஸ்டில், வெளியூரிலிருந்து வியன்னாவுக்குத் திரும்பக் கொண்டுவரும் வழியில், சால்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கயிற்றை உதறிக்கொண்டு ஓடிவிட்டது. சில நாட்களுக்குப் பின் தண்டவாளத்தில் அடிபட்டுக் கிடக்கக் கண்டார்கள். மக்களை இழந்த துயரமும் இதுவும் அளவில் வேறாயினும் தன்மையில் ஒத்தவை என்று, மகளையே இழந்திருந்த அவர் எண்ணினார். உடனே மற்றொரு நாயைக் கொண்டுவர அவர் இசையவில்லை. ஏழு மாதம் சென்றது. 1930-இல் அதே இனத்தைச் சேர்ந்த யோபி வீட்டுக்கு வந்தது.

யோபி அவருடைய மருத்துவ அறையிலேயே படுத்திருக்கும். நோயாளிக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரம் முடிந்ததும் அது எழுந்து சோம்பல் முறிக்கும். அதனால் தந்தையார் கடிகாரத்தைப் பார்க்கவேண்டியதே இல்லை என்று அவர் மகன் கூறியிருக்கிறார். ஏழாண்டு இப்படிச் சென்றது. 1937 சனவரியில் யோபிக்கு வயிற்றில் அறுவை மருத்துவம் செய்தார்கள். நன்றாக முடிந்தது என்று எண்ணியிருந்தபோது இதயம் நின்று இறந்துபோயிற்று. பிராய்டுக்கு அப்போது வயது 80. இம்முறை ஏழு மாதம் காத்திருக்கவில்லை. உடனேயே மற்றொரு சௌ நாயை வரவழைத்துவிட்டார்.

துயரம் குறைந்ததா? இல்லை, ஏழாண்டு நெருக்கத்தை எளிதில் மறக்க முடியாது என்பதை அவர் நண்பர்களுக்கு மறைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே இன நாய். முதன்முறை ஏழு மாதம், இரண்டாம் முறை சில நாள். எனவே, இத்தனை மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்று விதி கூறுவோர் பேச்சை நான் பெரிதாகக் கொள்வதில்லை. வந்த நாயைக் கவனியுங்கள். அது புதிய குட்டி அன்று. முதலில் இறந்த நாயின் பெயராகிய லூன் என்பதையே அதற்கும் இட்டு அவர் வீட்டில் வளர்த்தது. யோபியோடு ஒத்துப்போகாமல் சண்டையிட்டதால் குடும்ப நண்பரான டோரதி பர்லிங்காம் அம்மையாரிடம் ஒப்படைத்திருந்தார்கள். யோபிக்கு ஆகாத ஒன்றை யோபியாக எவரும் எண்ணிக்கொள்ள முடியாது. அது தன் குணத்தோடு வந்தது; அந்தக் குணம் வீட்டாருக்கு முன்பே தெரியும்.

ஈடாக ஒரு நாயைக் கொணர்ந்தால் என்ன ஆகும் என்பதும் அதே வீட்டில் நடந்திருக்கிறது. 1938 ஜூனில் நாஜிகளிடமிருந்து தப்பி அவர்கள் லண்டன் சேர்ந்தபோது, வெறிநாய்க்கடி நோயைத் தடுக்கும் ஆங்கிலச் சட்டப்படி லூன் ஆறு மாதம் தனியிடத்தில் அடைக்கப்பட்டது. முதுமையும் நோயும் வருத்திய நிலையிலும் பிராய்டு அங்கே சென்று அதைப் பார்த்துவந்தார். லூன் திரும்பும்வரை அவர் மனத்தைத் தேற்ற, பெக்கினீஸ் இனத்துச் சிறிய நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் ஜம்போ. ஜம்போ பிராய்டைத் தேற்றவில்லை. தனக்குச் சோறு வைத்த பணிப்பெண் பவுலாவையே சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் குற்றம் இல்லை. தான் எவருக்கோ பதிலாள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? டிசம்பரில் லூன் வீடு திரும்பியது. மறு ஆண்டு புற்றுநோய் முற்றி, பிராய்டின் தாடையிலிருந்து துர்நாற்றம் வீசத் தொடங்கியபோது அந்த லூனும் அவரை அணுகாமல் அறையின் மூலையில் ஒதுங்கியது. 1939 செப்டம்பர் 23-இல் அவர் இறந்தார். நாயின் அன்பைப் போற்றி எழுதுவோர் இச்செய்தியை விட்டுவிடுகிறார்கள். நாயை நாயாகவே அறிந்துகொள்ள விரும்புவோர்க்கு இது பயன்படும் என்று கருதியே சொன்னேன்.

போனதையே திரும்பப் பெறலாம் என்னும் ஆசைக்கு இன்று விஞ்ஞானமும் துணை செய்கிறது. 2005-இல் கொரியாவின் சியோல் நகரில், ஆப்கான் இன நாய் ஒன்றின் உடலணுவிலிருந்து அதே மரபுக்கூறுகள் கொண்ட குட்டியைப் பிறப்பித்தார்கள். ஸ்னப்பி என்று பெயர் பெற்ற அதுவே உலகில் படியெடுக்கப்பட்ட முதல் நாய். அதன் பிறகு பெரும் பொருள் செலவிட்டு, இறந்த தம் நாயைப் படியெடுத்துக்கொண்ட செல்வர்களும் உண்டு. மரபுக்கூறு ஒன்றாக இருக்கலாம். ஆனால், மழைநாளில் பள்ளிக்கூட வாயிலில் நனைந்துகொண்டு நின்றதும், பாட்டி காய்ச்சலில் கிடந்தபோது கட்டிலடியை விட்டு நகராததும் உடலணுவில் எழுதப்பட்டிருப்பதில்லை. படியெடுத்த குட்டி, தான் செய்யாத செயல்களுக்குப் புகழும், தான் பெறாத குணங்களுக்காகக் குறையும் கேட்டு வளரவேண்டியிருக்கும். படியெடுக்காமலே, அதே நிறத்தில், அதே சாதியில் தேடிப்பிடித்து வாங்கி, "பழையதைப் போல் இல்லையே" என்று நாள்தோறும் ஒப்பிட்டுப் பேசும் வீடுகளிலும் இதே கொடுமை நடைபெறுகிறது. புதிய நாயை வளர்க்கத் தகுதி வந்துவிட்டதா என்று அறிய நாட்காட்டியைப் பார்ப்பதைவிட, வீட்டார் பேச்சைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய நாய்க்கு இல்லாத குறும்பைப் புதிதிடம் கண்டு சிரிக்க முடியுமானால் கொண்டுவரலாம்.

மனத்தின் கேள்வி இப்படியிருக்க, உடற்பிணி பற்றிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. முதல் நாய் பார்வோ என்னும் வைரஸ் கிருமியால் இறந்திருந்தால் அவசரமே கூடாது. 1970-களின் இறுதியில் நாய்களிடையே உலகெங்கும் பரவிய இந்நோய் குட்டிகளை வயிற்றுப்போக்கில் மாய்ப்பது. அதன் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதம், சில வேளை ஓராண்டுகூட, சாகாமல் கிடக்கும். சோப்பும் சாதாரண மருந்துநீரும் அதை அழிப்பதில்லை. சலவைத்தூள் கரைத்த நீர் அழிக்கும். தடுப்பூசி போட்டு முடிக்காத குட்டியை அந்த வீட்டுக்குள் விடுவது அதையும் இழப்பதற்கு வழி. வீட்டில் இன்னொரு நாய் உயிரோடு இருந்தால் அதையும் எண்ணவேண்டும். தோழனை இழந்த நாய்கள் விளையாட்டைக் குறைத்து, உணவைக் குறைத்து, மனிதரையே ஒட்டிக்கொண்டு திரிவதாக, நானூறுக்கு மேற்பட்டோரை வினவி இத்தாலியில் 2022-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதன் நிலை தெளியுமுன் துள்ளும் குட்டியொன்றை அதன்மேல் ஏவுவது நன்றன்று.

வயது முதிர்ந்தோர், தமக்குப் பின் இதை யார் காப்பார் என்று தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். எனினும், குட்டியைத்தான் வளர்க்கவேண்டும் என்பதில்லை. ஐந்து ஆறு வயது கடந்து, வீடின்றித் தவிக்கும் நாயை ஏற்றுக்கொள்ளலாம். எண்பதாம் வயதில் பிராய்டு செய்ததும் ஏறக்குறைய அதுவே. மற்றொன்று வேண்டாம் என்று முடிவு செய்து, தெருவில் வரும் நாய்க்கு ஒரு பிடி சோறு வைப்பதோடு நின்றுகொள்வோரும் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர் என்றோ கோழைகள் என்றோ சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் இரண்டோர் ஆண்டில் விடுதிக்கோ வேற்றூருக்கோ போய்விடுவீர்கள். புதிய குட்டியை விடியற்காலையில் நடத்திச் செல்லப்போவது உங்கள் தந்தையார். அது கடித்துக் குதறிய செருப்பை எடுத்துப் போடப்போவது உங்கள் தாயார். ஆகவே கேட்கவேண்டியவர்களைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். பழைய தட்டைக் கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து அதற்கு வைக்கலாம். பார்வோ வந்த வீடாயின் அதுவும் கூடாது, எறிந்துவிடுங்கள். பெயரை மட்டும் புதிதாகத் தேடுங்கள். இதில் பிராய்டு செய்ததை நான் பின்பற்றச் சொல்லமாட்டேன். பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டால், அடுக்களையில் வேலையாக இருக்கும் அம்மா ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு வாயிற்பக்கம் பார்ப்பார்.